கஞ்சா கலந்த உண்பண்டங்களின் வீரியம்: அளவிட முயன்ற வரலாறு

கஞ்சாச் செடியின் பூங்கதிர், இலை, பிசின் ஆகியவற்றுள் ஒன்றை நெய், பால், சர்க்கரை, மாவு போன்றவற்றுடன் சேர்த்துச் செய்யப்படும் தின்பண்டங்கள் கஞ்சா கலந்த உண்பண்டங்கள் எனப்படும். லேகியம், மாஜூன், பாங்குப் பால் ஆகியவை இவற்றின் பழைய வடிவங்கள். சாக்லேட், பிஸ்கட், கேக் ஆகியவை இன்றைய வடிவங்கள். இத்தகைய பண்டத்தின் ஒரு துண்டு எவ்வளவு போதை தரும் என்பதை உண்பதற்கு முன்பே அறிய முடியுமா என்ற கேள்விக்கு மருத்துவர்களும் வேதியியலாளர்களும் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக விடை தேடியுள்ளனர். பண்டத்தின் எடையை அறிவது எப்போதும் எளிதாகவே இருந்தது. வீரியத்தை அறிவது அவ்வாறு இருக்கவில்லை. எடையையே வீரியம் என்று எண்ணியதால் நேர்ந்த பிழைகளும் அவற்றைத் திருத்த நடந்த முயற்சிகளும் இவ்வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

பெரம்பூரும் இன்றைய கேள்வியும்

வடசென்னையின் பெரம்பூர், ரயிலோடு சேர்ந்து வளர்ந்த ஊர். 1856-இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டிப் பணிமனையும், 1955-இல் திறக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் அதைத் தொழிலாளர் ஊராக்கின. வடக்கிலிருந்து வந்து சென்ட்ரலுக்குள் நுழையாமல் கேரளம் நோக்கிச் செல்லும் சில விரைவு ரயில்கள் இன்று பெரம்பூரில் நின்று செல்கின்றன. ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதிகளிலிருந்து ரயில் வழியாகக் கடத்தப்படும் கஞ்சா சென்னை ரயில் நிலையங்களில் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. அண்மை ஆண்டுகளில் பொட்டலக் கஞ்சாவுடன் 'கஞ்சா சாக்லேட்' என்ற சொல்லும் செய்திகளில் இடம்பெறத் தொடங்கியது.

பிடிபட்ட பொருள் முதலில் தராசில் வைக்கப்படுகிறது. இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று எழுதப்படுகிறது. பொட்டலக் கஞ்சாவானால் அந்த எண்ணாவது ஓரளவு பொருள் தரும். சாக்லேட்டானால் தராசு காட்டுவது பெரும்பாலும் சர்க்கரையின், கொக்கோவின், கொழுப்பின் எடையே. அதனுள் இருக்கும் போதைப்பொருள் சில மில்லிகிராமா, சில நூறு மில்லிகிராமா என்பது தராசுக்குத் தெரியாது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரியாது. இந்த அறியாமை சாக்லேட்டோடு வந்ததன்று. அது லேகியத்தின் காலத்திலிருந்தே உள்ளது.

சுண்டைக்காய் அளவு

சித்த மருத்துவத்தில் கஞ்சா ஒரு மருந்துச் சரக்கு. கோரக்கர் மூலி என்ற பெயரும் அதற்கு உண்டு. நச்சுத்தன்மை உள்ள பிற சரக்குகளைப் போலவே இதையும் 'சுத்தி' செய்த பின்னரே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது அம்மருத்துவத்தின் நெறி. கஞ்சா சேரும் மருந்துகளுள் மதனகாமேஸ்வர லேகியம் பலரும் பெயரறிந்த ஒன்று.

சரக்குகளைச் சேர்க்கும்போது மருத்துவர் எடையைப் பின்பற்றினார். குன்றிமணி எடை ஏறத்தாழ 130 மில்லிகிராம். வராகனெடை ஏறத்தாழ 4.2 கிராம்; பலம் ஏறத்தாழ 35 கிராம். நோயாளிக்குக் கொடுக்கும்போதோ அளவு காயாகவும் கொட்டையாகவும் மாறியது. சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, நெல்லிக்காய் அளவு என்று சொன்னால் தராசு இல்லாத வீட்டிலும் விளங்கும். லேகியத்தை உருட்டிக் கையில் கொடுத்துவிடலாம்.

இம்முறை அறிவற்றதன்று. அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. மருந்தைச் செய்தவரும் கொடுத்தவரும் பெரும்பாலும் ஒருவரே. தாம் வாங்கிய சரக்கு புதியதா பழையதா, முன்பு கொடுத்த லேகியம் எவரை என்ன செய்தது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. குறைந்த அளவில் தொடங்கி, நோயாளியைப் பார்த்து, பின் கூட்டுவார். வீரியம் மருந்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. மருத்துவரின் அனுபவத்தில் இருந்தது. லேகியம் அந்த மருத்துவரை விட்டுப் பிரிந்து கடைச்சரக்காகும்போது சுண்டைக்காய் அளவு மட்டும் உடன் வந்தது, அனுபவம் வரவில்லை.

இன்றைய சட்டமும் இதைக் கருத்தில் கொண்டுள்ளது. மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளின் இ(1) அட்டவணை, சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குகளுள் கஞ்சாவையும் சேர்த்துள்ளது. இச்சரக்குகள் கலந்த மருந்தின் மேலுறையில் மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

சென்னை மாகாணத்து மாஜூன்

கஞ்சா கலந்த இனிப்பின் மிகைவேளை பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகளுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் இருந்த வைட்லா ஐன்ஸ்லி, 1813-இல் சென்னையில் ஒரு மருந்துப்பொருள் நூலை வெளியிட்டார். அதை விரித்து 1826-இல் 'மெட்டீரியா இண்டிகா' என்ற பெயரில் லண்டனில் வெளியிட்டார். இந்நூலில் மாஜூன் என்ற இனிப்பு லேகியத்தைப் பற்றிய குறிப்பு உள்ளது. போதைக்காகவும் வலி தீரவும் உண்ணப்பட்ட இது, அளவு மிஞ்சினால் தற்காலிக மனக்குழப்பத்தை உண்டாக்கியது என்று ஐன்ஸ்லி பதிவு செய்தார்.

அவர் தரும் சேர்மானப் பட்டியல் கவனத்துக்குரியது. கஞ்சா இலை, பால், நெய், கசகசா, சர்க்கரை ஆகியவற்றுடன் ஊமத்தம் பூவும் எட்டிக்கொட்டைப் பொடியும் அதில் உள்ளன. ஊமத்தை தானே மனக்குழப்பத்தை உண்டாக்கும் செடி. எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் கொடிய நஞ்சு. ஆகவே மாஜூன் உண்டு மயங்கிய ஒருவரைக் கண்ட மருத்துவருக்கு, அது கஞ்சாவின் வேலையா, ஊமத்தையின் வேலையா, இரண்டுமா என்று பிரித்தறிய வழி இருக்கவில்லை. வீட்டில் செய்யப்படும் பண்டத்தின் வீரியம் பற்றிய முதல் சிக்கல் இதுவே: அளவை அறிவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்பதே தெரிய வேண்டும்.

ஓஷாக்னசியின் சோதனைகள்

கஞ்சாவின் அளவையும் விளைவையும் முறையாகச் சோதித்து எழுதிய தொடக்ககால மேற்கத்திய மருத்துவர்களுள் முதன்மையானவர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி. அயர்லாந்தைச் சேர்ந்த இவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். 1839-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மாஜூன் செய்யும் முறையையும் அதன் அளவையும் விவரிக்கிறது. முதன்முறை உண்பவருக்கு ஒரு டிராம் எடை போதை தரும். பழகியவருக்கு மூன்று டிராம் வேண்டும் என்று அவர் எழுதினார். ஒரு டிராம் என்பது ஏறத்தாழ 3.9 கிராம், நம் வராகனெடைக்கு அருகில் வரும் அளவு.

இக்கணக்கு தெளிவாகத் தோன்றினாலும், அது அளந்தது பண்டத்தின் எடையைத்தான். இதன் குறை அவருடைய மருத்துவமனைச் சோதனையிலேயே வெளிப்பட்டது. கஞ்சாப் பிசினில் ஒரு கிரெயின், அதாவது ஏறத்தாழ 65 மில்லிகிராம், மூட்டுவாத நோயாளிகள் மூவருக்குக் கொடுக்கப்பட்டது. ஒருவர் பிற்பகல் 2 மணிக்கு உட்கொண்டார். 4 மணிக்கு மிகுதியாகப் பேசினார், பாடினார், உணவு கேட்டார். 6 மணிக்கு உறங்கினார். இரவு 8 மணிக்கு உணர்விழந்து, கைகால்களை எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும் நிலையில் காணப்பட்டார், பின்னர் நலமடைந்தார். மூன்றாமவரிடம் அதே அளவு எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. விசாரித்தபோது அவர் வழக்கமாகக் கஞ்சா புகைப்பவர் என்று தெரியவந்தது.

இச்சிறு சோதனை பின்னாளில் நிறுவப்பட்ட இரண்டு உண்மைகளை முன்கூட்டியே காட்டியது. விழுங்கிய கஞ்சா மெல்ல ஏறி, மணிக்கணக்கில் நீடிக்கும். ஒரே எடை, ஒரே பிசின் என்றாலும் விளைவு உடலுக்கு உடல் மாறும். தாயகம் திரும்பிய ஓஷாக்னசி மூன்றாவது உண்மையையும் கண்டார்: இங்கிலாந்தில் இந்தியாவில் கொடுத்ததைவிடப் பல மடங்கு மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. செடி எங்கே விளைந்தது, எவ்வளவு நாள் கிடங்கில் இருந்தது, கப்பலில் எத்தனை மாதம் பயணம் செய்தது என்பதெல்லாம் வீரியத்தை மாற்றும் என்பதற்கான அறிகுறி அது.

1864-இல் வெளிவந்த முதல் பிரித்தானிய மருந்தியல் நூலில் கஞ்சாச் சாறும் கஞ்சா டிங்சரும் இடம்பெற்றன. ஆனால் ஒரு புட்டியின் பத்துத் துளிக்கும் அடுத்த புட்டியின் பத்துத் துளிக்கும் ஒற்றுமை இல்லை என்ற குறை அந்நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்களிடம் இருந்துகொண்டே இருந்தது.

ஆணையமும் கீழ்ப்பாக்கமும்

1893-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வில்லியம் ஸ்பிராஸ்டன் கெய்ன் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் தலைமையில் ஏழு உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரான வார்டன் கல்கத்தாவின் வேதிப் பரிசோதகர். இவர் வில்லியம் டைமாக், உதகமண்டலத்தில் சென்னை அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் ஆகியோருடன் சேர்ந்து இந்திய மூலிகைகளின் வேதியியலைத் தொகுத்த 'ஃபார்மகோகிராஃபியா இண்டிகா' நூலை எழுதியவர். ஆணையம் 1,193 சாட்சிகளின் கூற்றுகளைப் பெற்று 1894 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது.

சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பகுதியும் வடஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் அன்று கஞ்சா விளைந்த இடங்களாக இருந்தன. அரசு கஞ்சா மீது வரி விதித்தது. வரி எடைக்கு விதிக்கப்பட்டது. வங்காளத்தில் தட்டைக் கஞ்சா, உருண்டைக் கஞ்சா, தூள் என்று வடிவத்துக்கு ஏற்ப வரி வேறுபட்டது. காம்பு மிகுந்த தட்டைக் கஞ்சாவுக்குக் குறைவாகவும், காம்பு நீங்கிய தூளுக்கு மிகுதியாகவும் வாங்கினர். எடை மட்டும் போதாது என்பதை வரித்துறையே உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் கடையில் வரி செலுத்தி வாங்கிய கஞ்சா வீட்டில் பாலிலும் நெய்யிலும் சேர்ந்த பிறகு அதைப் பின்தொடர எந்தக் கணக்கும் இல்லை.

ஆணையத்தின் மிக முக்கியமான பணி மனநல விடுதிகளின் பதிவேடுகளைச் சோதித்ததாகும். சென்னையில் 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிய விடுதி உட்பட நாடெங்கும் உள்ள விடுதிகளில், நோயின் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதும் வழக்கம் இருந்தது. பலமுறை அது காவலர் சொன்னதைக் கேட்டு எழுதியது. எவ்வளவு உண்டார், எந்த வடிவில் உண்டார், வேறு என்ன கலந்திருந்தது என்று எவரும் கேட்கவில்லை. 1892-இல் சேர்க்கப்பட்டவர்களுள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா காரணம் என்று பதிவேடுகள் கூறின. ஒவ்வொன்றையும் விசாரித்த ஆணையம், அவற்றுள் 98-ஐ மட்டுமே கஞ்சாவோடு தொடர்புபடுத்த முடியும் என்று கண்டது. அவற்றிலும் ஒரு பகுதியில் வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. அளவு தெரியாத பொருளின் மீது காரணம் சுமத்துவது எவ்வளவு எளிது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மிதமான பயன்பாட்டைப் பெருந்தீங்காகக் கருத இடமில்லை என்று கூறிய அதே அறிக்கை, மிகையான பயன்பாடு கேடு தரும் என்றும் ஏற்றது. எது மிதம், எது மிகை என்பதை எண்ணால் சொல்லும் வழி மட்டும் அன்று இல்லை.

நாய்களின் தள்ளாட்டம்

அபினியில் மார்ஃபின் 1800-களின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அது உப்பைப் போலப் படிகமாகும் பொருள். எடை போட்டு அளக்கலாம். கஞ்சாவின் வீரியமோ நீரில் கரையாத பிசுபிசுத்த எண்ணெயில் இருந்தது. 1896-இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் கஞ்சாப் பிசினிலிருந்து ஒரு சிவந்த எண்ணெயைப் பிரித்து அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டனர். போதை தரும் பொருள் அதுவே என்று அப்போது கருதப்பட்டது. ஆனால் அந்த எண்ணெய் பல பொருள்களின் கலவை என்பதும், தூய கன்னாபினாலுக்கு அத்தகைய வீரியம் இல்லை என்பதும் பின்னரே விளங்கின.

வேதியியல் கைகொடுக்காதபோது மருந்து நிறுவனங்கள் உயிர்களை அளவுகோலாக்கின. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோட்டன், ஹாமில்டன் ஆகிய ஆய்வாளர்கள் நாய்களுக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துச் சோதிக்கும் முறையை வளர்த்தனர். சாறு உட்சென்ற நாய் சிறிது நேரத்தில் நிற்கும் நிலையிலேயே அசையும், நடந்தால் தள்ளாடும். எவ்வளவு சாற்றில் தள்ளாட்டம் தொடங்குகிறது என்பதே வீரியத்தின் அளவு. 1916-ஆம் ஆண்டின் அமெரிக்க மருந்தியல் நூல் இம்முறையை ஏற்றது.

எடையைவிட இது ஒரு படி முன்னேற்றம். விளைவை நேரடியாக அளந்தது. ஆயினும் ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் வேறுபாடு இருந்தது. ஒரே நாயும் திரும்பத் திரும்பப் பெறும்போது பழகிப்போனது. ஓஷாக்னசியின் மூன்றாம் நோயாளியிடம் கண்ட அதே சிக்கல் சோதனைக் கூடத்திலும் தலைகாட்டியது. நம்பத்தக்க அளவு இல்லாததும் கஞ்சா மருந்துகள் கைவிடப்பட்டதற்குக் காரணங்களுள் ஒன்று. 1932-இல் பிரித்தானிய மருந்தியல் நூலிலிருந்தும், 1942-இல் அமெரிக்க நூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது.

அளவு தெரிந்த முதல் கேக்

1964-இல் இஸ்ரேலில் யெஹியேல் காவோனியும் ரஃபேல் மெக்கோலமும் கஞ்சாவின் முதன்மையான போதைப்பொருளைத் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டனர். டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., என்பது அதன் பெயர். அன்று முதல் வீரியத்தை மில்லிகிராமில் சொல்ல முடிந்தது.

அதை மனிதரில் சோதிக்க மெக்கோலம் தேர்ந்த வழி ஒரு வீட்டுப் பண்டம். அவருடைய மனைவி செய்த கேக்கைப் பத்து நண்பர்கள் உண்டனர். ஐவரின் துண்டில் 10 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது; மற்ற ஐவருக்கு வெறும் கேக். வெறும் கேக் உண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டி.எச்.சி. உண்ட ஐவருக்கும் விளைவு இருந்தது; ஆனால் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் தமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓயாமல் பேசினார். ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒருவரை அச்சம் பிடித்தது. துல்லியமாக அளந்து போட்ட 10 மில்லிகிராமே ஐந்து பேரிடம் ஐந்து விதமாக வேலை செய்தது.

சமையலறைக் கணக்கு ஏன் பிழைக்கிறது

டி.எச்.சி. கண்டறியப்பட்ட பின், வீட்டில் செய்யும் பண்டத்தின் வீரியத்தைக் கணக்கால் மதிப்பிடலாம் என்ற எண்ணம் பரவியது. செடியின் எடை, அதில் டி.எச்.சி.யின் விழுக்காடு, துண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பெருக்கி வகுத்தால் விடை வரும் என்பது அந்த எண்ணம். கணிதம் சரியே, உள்ளே இடும் எண்கள்தாம் தெரியாதவை.

முதலாவது, செடியின் விழுக்காடு. அது வகைக்கு வகை, விளைச்சலுக்கு விளைச்சல், ஒரே செடியின் மேல்கதிருக்கும் கீழ் இலைக்கும் வேறுபடும். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் டி.எச்.சி. சிதைந்து கன்னாபினாலாக மாறும். கள்ளச்சந்தையில் வாங்கிய பொட்டலத்துக்கு விழுக்காடு என்ற ஒன்றே எழுதப்பட்டிருப்பதில்லை.

இரண்டாவது, சூடு. பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் உள்ளது. அவ்வடிவம் போதை தருவதில்லை. சூடு பட்டால் அது டி.எச்.சி.யாக மாறும், சூடு மிஞ்சினால் டி.எச்.சி.யும் அழியும். ஒவ்வோர் அடுப்பிலும் இந்த மாற்றம் எவ்வளவு நடந்தது என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது.

மூன்றாவது, கலப்பு. டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, நெய்யோடு சேர்ந்து செல்லும். மாவிலும் சர்க்கரைப் பாகிலும் நெய் சீராகப் பரவாவிட்டால் தட்டின் ஒரு மூலைத் துண்டில் ஒன்றும் இருக்காது. மற்றொரு மூலைத் துண்டில் பல துண்டுகளின் சரக்கு இருக்கும்.

இம்மூன்று இடங்களிலும் மதிப்பீடு இரண்டு மடங்கு மட்டுமே தவறியது என்று வைத்துக்கொள்வோம். பிழைகள் ஒன்றோடொன்று பெருகும். 10 மில்லிகிராம் என்று நினைத்த துண்டில் 1.25 மில்லிகிராமும் இருக்கலாம், 80 மில்லிகிராமும் இருக்கலாம். முதலாவது உண்டவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது அவரை மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

நான்காவது, உடல். புகையின் வழி சென்ற டி.எச்.சி. சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. விழுங்கியது குடலையும் கல்லீரலையும் கடந்தே செல்கிறது. கல்லீரல் அதன் ஒரு பகுதியை மற்றொரு வீரியமிக்க பொருளாக மாற்றுகிறது. விளைவு தெரியவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். இந்தத் தாமதமே மிகப் பெரிய பொறி. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது துண்டை எடுப்பவரிடம் முதல் துண்டு இன்னும் தன் வேலையைத் தொடங்கவே இல்லை.

கஞ்சா உண்பண்டங்களின் விற்பனை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 மார்ச்சில் நடந்தது இதற்குத் துயரமான சான்று. 19 வயது இளைஞர் ஒருவர் உண்ட பிஸ்கட்டில் மொத்தம் 65 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது, ஒரு வேளைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. விற்றவர் சொன்னபடி முதலில் ஒரு துண்டை உண்டார். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றம் தெரியாததால் மீதம் முழுவதையும் உண்டார். பின்னர் அவருடைய பேச்சும் நடத்தையும் குலைந்தன. மீதத்தை உண்ட இரண்டரை மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அந்தப் பிஸ்கட்டின் அளவு தெரிந்ததுதான். காத்திருக்க வேண்டிய நேரம்தான் அவருக்குத் தெரியவில்லை.

அச்சிட்ட அளவும் எப்போதும் நம்பத்தக்கதாக இல்லை. 2015-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று நகரங்களில் வாங்கிய 75 உண்பண்டங்களைச் சோதித்தது. 17 விழுக்காடே மேலுறையில் எழுதியதற்கு ஏற்ப இருந்தன. 23 விழுக்காட்டில் எழுதியதைவிட மிகுதியாகவும், 60 விழுக்காட்டில் குறைவாகவும் டி.எச்.சி. இருந்தது. 2019-இல் உண்பண்டங்களை அனுமதித்த கனடா, ஒரு பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. தொழிற்கூடமும் ஆய்வுக்கூடமும் உள்ள இடத்திலேயே இந்நிலை என்றால், அடையாளமற்ற சாக்லேட்டில் கணக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஊகிக்கலாம்.

சட்டத்தின் தராசு

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாவைப் பூக்கும் அல்லது காய்க்கும் கதிர் என்று வரையறுக்கிறது. கதிர் சேராத விதையும் இலையும் அந்த வரையறையில் இல்லை; இலையிலிருந்து செய்யும் பாங்கு சில மாநிலங்களில் உரிமத்துடன் விற்கப்படுவது இதனால்தான். கஞ்சாவோ சரசோ சேர்ந்த கலவையும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. கஞ்சா சாக்லேட் இவ்வாறே குற்றப்பொருளாகிறது.

2001-ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையை அளவோடு இணைத்தது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வணிக அளவுக்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. பிணை கிடைப்பதும் அரிது. இந்த எல்லைகளுக்குள் கலவையை எப்படிப் பொருத்துவது என்பதில் நீதிமன்றங்களே மாறுபட்டன. 2008-இல் உச்ச நீதிமன்றம், கலவையில் உள்ள தூய போதைப்பொருளின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. 2009-இல் மத்திய அரசு அறிவிக்கை வழியாக இதை மாற்ற முயன்றது. 2020 ஏப்ரல் 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, கலவையின் மொத்த எடையே கணக்கு என்று தீர்ப்பளித்தது. கலப்படம் செய்து விற்பவர் கலப்படத்தையே காரணம் காட்டித் தப்பக் கூடாது என்பது இதன் பின்னுள்ள கவலை.

இதனால் விளையும் இடைவெளி பெரிது. வீரியம் மிகுந்த சில சாக்லேட் துண்டுகள் எடையில் குறைவு. வீரியம் அற்ற ஒரு தட்டு அல்வா எடையில் மிகுதி. உடலுக்கு முன்னது ஆபத்து, தராசுக்குப் பின்னது.

வீரியத்தை உண்மையில் அளக்கக்கூடிய இடம் தடய அறிவியல் ஆய்வகம். இத்துறையில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் அமைந்தது. இன்றைய தடய அறிவியல் துறை அதன் வழிவந்தது. நுண்ணோக்கியில் செடியின் மயிரிழைகளைக் காண்பதும், வேதிப்பொருள் சேர்த்து நிறமாற்றம் பார்ப்பதும் கஞ்சாவைக் கண்டறியும் பழகிய முறைகள். அவை கஞ்சா உண்டா இல்லையா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லா. எவ்வளவு என்பதை வாயு நிறப்பகுப்பி போன்ற கருவிகள் சொல்லும். ஆனால் மொத்த எடையே வழக்கைத் தீர்மானிக்கும் நிலையில், ஒவ்வொரு துண்டிலும் எத்தனை மில்லிகிராம் என்று அளப்பதற்கான தேவை நீதிமன்றத்தில் குறைந்துவிடுகிறது.

அளவு தெரியாத துண்டு

இந்த வரலாற்றில் அளவுகோல் பலமுறை மாறியது. சுண்டைக்காய், வராகனெடை, டிராம், நாயின் தள்ளாட்டம், மில்லிகிராம் என்று அது நகர்ந்தது. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் குறையைத் தீர்த்தது. ஆனால் வீட்டிலோ ஒளிவிடத்திலோ செய்து தாளில் சுற்றி விற்கப்படும் பண்டம் இந்த அளவுகோல்கள் எவற்றுக்கும் உட்படவில்லை. பழைய லேகியத்துக்கு அதைச் செய்த மருத்துவராவது இருந்தார். இன்றைய கஞ்சா சாக்லேட்டுக்கு அவரும் இல்லை.

இதனால் பெரிதும் பாதிக்கப்படக்கூடியவர்கள் குழந்தைகள். சாக்லேட் என்பது பார்த்தவுடன் எடுத்து வாயில் போடும் பொருள். ஒரு பெரியவரைச் சற்றே மயக்கும் அளவு, 12 கிலோ எடையுள்ள குழந்தையை ஆழ்ந்த உறக்கத்திலும் மூச்சுத் திணறலிலும் தள்ளக்கூடும். பெரம்பூரிலோ ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு வீட்டில் குழந்தை இவ்வாறு துவண்டால், மருத்துவர் முதலில் கேட்பது என்ன உண்டது, எப்போது உண்டது, எவ்வளவு உண்டது என்பதே. முதல் இரண்டுக்கும் வீட்டாரால் விடை சொல்ல முடியும். அச்சத்தால் மறைக்காமல் சொன்னால் சிகிச்சை விரைவாகும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல எவராலும் முடியாது. ஆகவே விளைவு தெரியட்டும் என்று காத்திருக்காமல், 108 ஊர்தியை அழைத்து, மீதமுள்ள துண்டையும் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை.